பெட்டியில் படமா, ஒன்றொன்றாக விற்கத் தடையா?

புகையிலையைக் கட்டுப்படுத்த நம் எம்.பி.க்கள் முன்னால் வந்த யோசனைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பெட்டி மேல் பெரிய எச்சரிக்கைப் படம். இன்னொன்று, சிகரெட்டை ஒன்றொன்றாக விற்பதற்குத் தடை. பெட்டிக்கடை வைத்திருக்கும் நான் இரண்டாவது பக்கம்.

படத்துக்கு நடந்த இழுபறி பெரியது. 2015-ல் அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வரும் என்பதற்கு இந்திய ஆய்வே இல்லை என்றார். அதே குழுவின் உறுப்பினர் ஷியாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். பெட்டிப் பரப்பில் 50 சதவீதம் போதும் என்று குழு சொல்லியும், 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீத இடத்தில் படமும் எச்சரிக்கை வாசகமும் வந்தது. நல்ல வேலை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தது யார்? "அண்ணே, ஒண்ணு குடுங்க" என்பார்கள். உருவி நீட்டுவேன். தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டி என் கல்லாப் பக்கமே கிடக்கும். வரியும் அப்படித்தான்: ஒன்றுக்கு ஓரிரு ரூபாய் ஏறினால் யாருக்கும் உறைப்பதில்லை. பத்துக்கும் சேர்த்துப் பணத்தை எண்ணி வைக்கும்போதுதான் கை தயங்குகிறது, அதுவும் படிக்கிற பையன்களுக்கு.

போன வருஷம் ஒன்றொன்றாகக் கொடுப்பதை நிறுத்தினேன். சாயங்கால வியாபாரம் அடிவாங்கியது. பையன்கள் வருவது குறைந்தது. பாதிப் பேராவது அடுத்த கடைக்குத்தான் போயிருப்பார்கள். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன், ஒரு கடை நிறுத்தினால் போதாது. மகாராஷ்டிரம் 2020-லேயே தடை போட்டது. 2022-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதையே பரிந்துரைத்தது. கர்நாடகச் சட்டமன்றம் 2024-ல் நிறைவேற்றிய சட்டத் திருத்தம், இதே தடையோடு வாங்கும் வயதையும் 21 ஆக்கி, 2025-ல் நடைமுறைக்கு வந்தது.

சரி, குறையும் உண்டு. முழுப் பெட்டி சட்டைப்பையில் இருப்பதால் கூடுதலாகப் பிடிப்பதாக ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அவர் சொல்வதைத் தள்ள முடியவில்லை. அப்புறம் பீடி. என் கடையில் அது கட்டாகத்தான் போகிறது, விலையும் குறைவு. இந்தத் தடை அதை அவ்வளவாகத் தொடாது. அங்கே கட்டின் மேல் இருக்கும் படத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.