பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்சி ஓனரிடம் பேசுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய டீசல் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடை) நாலே முக்கால் லட்சம் கொடுத்து ஏழு சீட் டீசல் வண்டி ஒன்று எடுத்தோம். மீட்டரில் காட்டியது 82,000 கிலோமீட்டர். அது உண்மையில் ஓடியிருந்தது இரண்டு லட்சத்துக்குப் பக்கம். இப்போது எஞ்சின் தருமபுரியில் ஒரு ஷெட்டில் பிரித்துக் கிடக்கிறது.

அப்பாவுக்கு வைத்தியம் சேலத்தில். அடிக்கடி போய்வர வேண்டும், வீட்டில் ஆள் அதிகம், பெட்ரோல் வண்டி கட்டுபடியாகாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. அதனால் நல்ல பழைய டீசலுக்கு இன்னும் கிராக்கி. இங்கே கிடைப்பதில் நிறைய பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வந்து இறங்குகிற கேஏ (கர்நாடகா) நம்பர் வண்டிகள். விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். நாங்கள் எடுத்ததும் அப்படி ஒன்றுதான்.

வண்டி பார்க்கப் போனபோது பானெட் சூடாக இருந்தது. "வாட்டர் வாஷ் போயிட்டு இப்பதான் வந்துச்சுங்கண்ணா" என்றார்கள். சாவி போட்டதும் எஞ்சின் பொட்டென்று பிடித்தது. ஓட்டிப் பார்க்க பைபாஸிலேயே, ஏற்றம் இல்லாத ரோட்டில் கூட்டிப்போனார்கள். புது சீட் கவர், புது ஸ்டீரிங் கவர், பிரேக் பெடலில் புது ரப்பர். "சிங்கிள் ஓனர், ஐடி கம்பெனிக்காரரு வண்டி. அவரு வெளிநாடு போயிட்டாரு, எல்லாம் நாங்கதான் பாத்துக்கறோம்." எஞ்சினுக்கு ஆறு மாசம் கேரண்டி என்று வாயால் சொன்னார்கள்.

மார்கழிக் குளிரில் முதல் பிரச்சினை. காலையில் செல்ஃப் எடுத்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. பிடித்தால் வெள்ளைப் புகை வாசலை மூடும். அப்புறம் சேலத்திலிருந்து வீட்டு ஆட்களோடு திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவையே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு ஏறுகின்றன, நாங்கள் இரண்டாவது கியரில் ஓரமாக ஊர்ந்தோம். அப்பா பின்சீட்டில் படுத்திருந்தார். அந்தக் கணவாயில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷெட்டில் மெக்கானிக் அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளைமேல் கவிழ்த்து வைத்தார். மூடி நிற்கவில்லை, டக் டக்கென்று துள்ளி விழுந்தது. உள்ளிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி புகை. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது தம்பி. ரிங்கு, போரு ரெண்டும் போச்சு. புகை தெரியக் கூடாதுன்னு கெட்டி ஆயிலா ஊத்தி வித்திருக்கானுங்க." அதாவது பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே ஆயில் பக்கம் கசிகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். சூடான எஞ்சினிலும் ஆயில் தேன் போல இறங்கியது. எஞ்சின் வேலை, இன்ஜெக்டர், டர்போ எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் சொன்னார். ஓடுகிற எஞ்சினில் மூடியைக் கழற்றிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். விற்கிறவர் அதைத் தடுத்தாலே கிளம்பிவிடலாம்.

ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருந்தது. டேஷ்போர்டில் கிடந்த பழைய இன்சூரன்ஸ் காப்பியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அவர் வெளிநாடெல்லாம் போகவில்லை, பெங்களூரில்தான் இருக்கிறார். ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவரும் இல்லை. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற வேலைக்கு வண்டி விட்டிருந்தவர். "நான் குடுக்கும்போதே ஒன்னு தொண்ணூறு தாண்டிடுச்சே சார், எஞ்சின் வேலை இருக்குன்னு சொல்லித்தானே குடுத்தேன்" என்றார். கடைசி சர்வீஸ் பில்லைப் போட்டோ எடுத்தும் அனுப்பினார். அதில் 1,88,000 என்று கிலோமீட்டர் தெளிவாக இருக்கிறது. நல்ல மனிதர். குறையைச் சொல்லி விற்றவர் ஒருவர், அதை மறைத்து எங்கள் தலையில் கட்டியவர் இன்னொருவர்.

அதனால் முதலில் ஆர்சியில் இருக்கும் ஓனரிடம் நேரடியாகப் பேசுங்கள். "அவர் ஊரில் இல்லை" என்று சொன்னால், நம்பர் வாங்கிப் பேசாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சர்வீஸ் பில்லோ, கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும் பதிவோ கையில் வரட்டும். மீட்டரைக் குறைப்பது இன்று சின்ன வேலை, பெடல் ரப்பரை மாற்றுவது அதைவிடச் சின்ன வேலை. ஆனால் டிரைவர் சீட்டில் கதவுப் பக்க ஓரம் அமுங்கியிருப்பதை கவர் போட்டாலும் உட்கார்ந்தால் தெரியும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். குறைந்த கிலோமீட்டர் வண்டி என்கிறார்கள், நாலு டயரும் வேறு வேறு வருடம் என்றால் கணக்கு இடிக்கிறது.

அடுத்தது, காலையில் போங்கள். முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டீசல் எஞ்சினின் நோய் முழுக்கக் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும். வெள்ளைப் புகை நீடித்தால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு கொட்டினால் காற்றோ டீசலோ சரியாகப் போகவில்லை. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஓட்டிப் பார்ப்பதை ஏற்றத்தில், ஆட்களை ஏற்றி, ஏசி போட்டுப் பாருங்கள். பெங்களூரு வண்டி என்றால் இன்னும் கவனம். டிராஃபிக்கில் நின்று நின்று ஓடிய எஞ்சின், மீட்டர் சொல்வதைவிட அதிக நேரம் உழைத்திருக்கும், கிளட்ச்சும் அப்படியே. பிஎஸ்-6 டீசல் என்றால் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பேப்பரிலும் எங்களுக்கு அடி விழுந்தது. கேஏ வண்டி தமிழ்நாட்டுப் பெயருக்கு மாற அங்குள்ள ஆர்டிஓவிடம் பாரம் 28-ல் என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று) வேண்டும். இங்கே புதிதாக வரி கட்ட வேண்டும். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றவர்கள், பணம் கைமாறியதும் வரி தனி என்றார்கள். விலை குறைவாகத் தெரிந்ததன் காரணம் அதுதான். லோன் இருந்த வண்டியென்றால் பாரம் 35 வாங்கி ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் லோன் பதிவு, கேன்சல் ஆகியிருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு விற்றவர்களிடம் கேட்டபோது பதிலே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பாத்துதானே எடுத்தீங்க, பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார்கள். ஆறு மாசக் கேரண்டி பற்றிய பேச்சே எழவில்லை. எதைச் சொன்னாலும் தாளில் எழுதி, சீல் வைத்து, விற்கும்போது மீட்டர் எவ்வளவு என்பதையும் குறித்து வாங்குங்கள். எங்களிடம் டெலிவரி நோட்டில் 82,000 என்று அவர்கள் கைப்பட எழுதியது இருக்கிறது. விடாமல் நிற்க அந்த ஒரு வரிதான் தைரியம் கொடுத்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் எப்படிப் போடுவது என்று சொல்வார்கள். டெலிவரி நோட், பேங்க் டிரான்ஸ்ஃபர் ரசீது, பழைய ஓனர் அனுப்பிய பில், மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட், மூடி துள்ளுகிற வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். பணத்தில் ஒரு பகுதியைக் கையில் வாங்கிக்கொண்டு ரசீது தர மாட்டேன் என்பவர்களிடம் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். முழுத் தொகையும் பேங்க் வழியாகவே போகட்டும்.