அழுத்தக் காலுறை: யாழ்ப்பாணத்து வெக்கையில் நெடுநாள் பாவனை

தொடையிலும் கணுக்காலிலும் சிவப்பும் நீலமுமாய்ப் படர்ந்து தெரியும் மெல்லிய இரத்தக் குழாய்கள், பெரும்பாலும் 1 மி.மீ. பருமன்கூட இராது. காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை போட்டால் அவை மறையும் என்று நம்பி வாங்க வேண்டாம். விரிந்த குழாய் விரிந்ததுதான். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்குப் பின்னேரம் வரும் கால் பாரம், உளைவு, வீக்கம் இவை குறையும். அதற்குக் கொடுக்கிற காசு வீணில்லை.

காலையில் எழும்பினவுடன், வீக்கம் ஏற முன்னம் அளக்க வேண்டும்: கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டையின் பருத்த இடம், குதியிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். சப்பாத்து அளவை மட்டும் கேட்டு எடுத்துத் தருகிற பாமசியை விட்டுவிடுங்கள். பெட்டியில் அழுத்தத்தின் அளவு 15–20 எம்எம்எச்ஜி (mmHg) என்றிருந்தால் போதும். அதற்கு மேல் டொக்டர் சொன்னால்தான். நீரிழிவுக்காரரும், நடக்கும்போது கெண்டை பிடித்து இழுக்கிறவர்களும் முதலில் பாதத்து நாடியைக் காட்டிப் பார்க்க வேணும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிக் குழாய் ஒடுங்கியிருந்தால் அழுத்தம் கெடுதல் செய்யும்.

குதி வரை உட்புறம் வெளியே திருப்பி, குதியைச் சரியாக இருத்திய பிறகு மேலே ஏற்றுங்கள். கோப்பை கழுவும் றப்பர் கையுறை போட்டால் பிடி வழுகாது. குளித்த ஈரத்தோடு ஏறவே ஏறாது. தேங்காயெண்ணெய் பூசிய காலென்றால் நூலின் இழுவை கெட்டுவிடும். நீளம் கூடினால் மேல்விளிம்பை மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி இரத்தம் தேங்கும்.

இங்கே உண்மையான தலையிடி கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் படிவாய் நூலில் ஒட்டி, கணுக்கால் மடிப்பில் துணி விறைத்துக் கடிக்கும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது. முறுக்காமல், துவாயில் சுற்றி அமத்தி, நிழலில் காயவிடுங்கள். இரண்டு சோடி மாறி மாறிப் போட்டாலும் ஆறு மாதமளவில் தளர்ந்துவிடும். சிரமமில்லாமல் ஏறத் தொடங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் விரல் திறந்த காலுறையோடு வெறுங்காலில் போனால் மணல் உள்ளே புகுந்து உரசும். அங்கே போகும்போது கழற்றி வைக்கலாம். நடக்கிற காலில் கெண்டைத் தசையே இரத்தத்தை மேலே தள்ளும், நிற்பதுதான் பிரச்சினை.

குழாய்களே மறைய வேணுமென்றால், அவற்றுக்குள் மருந்து ஏற்றி மூடச் செய்யும் ஸ்கிளிரோதெரபி ஊசிதான். எங்கள் தோல் நிறத்துக்கு மண்ணிறக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம் என்பதை முன்பே கேட்டறியுங்கள். ஊசிக்குப் பிறகும் டொக்டர் சொல்லும் நாள்வரை அழுத்தக் காலுறைதான்.