பொமோடோரோ முறை: ஒரு கணக்காளரின் நீண்டகால அனுபவம்

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. பொமோடோரோ முறை என்றால் பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு "நமக்கு ஒத்துவரலை" என்று விட்டவர்களும் நிறைய. நான் சில ஆண்டுகளாக இதை விடாமல் பயன்படுத்தி வருகிறேன். திருப்பூரில் வீட்டிலிருந்தபடி சிறு பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவை) கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில்.

எங்கள் தொழிலில் மாதம் முழுக்கக் கெடு தேதிகள்தான். 7க்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து வைத்த வரி, கட்ட வேண்டும். 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம். 15க்குள் தொழிலாளர்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ. 20க்குள் 3பி, அதாவது அந்த மாதத்து ஜிஎஸ்டி கணக்கைக் காட்டி வரி கட்டும் படிவம். இதற்கு நடுவில் 14ஆம் தேதி 2பி வரும். சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. அதை டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் பர்ச்சேஸ் பதிவோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தால்தான் கிளையன்டுக்கு எவ்வளவு இன்புட் (வாங்கும்போதே கொடுத்த வரிக்கான கழிவு) எடுக்கலாம் என்று தெரியும். மாதத்திலேயே கவனம் அதிகம் தேவைப்படும் இந்த வேலைக்குக் கிடைப்பது ஆறே நாள். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அது சின்ன யூனிட் நடத்துகிறவரின் பணம் என்பதால் எனக்கு இந்தத் தேதிகள் முக்கியம்.

இந்த முறையை உருவாக்கியவர் இத்தாலியைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ. 1980களின் பிற்பகுதியில், கல்லூரியில் படிக்கும்போது, தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறை டைமரை வைத்துத் தொடங்கினார். எடுத்த எடுப்பிலேயே 25 நிமிடத்துக்கு அவர் போகவில்லை. பத்து நிமிடம் உண்மையிலேயே படிக்க முடிகிறதா என்றுதான் முதலில் தன்னைச் சோதித்தார். உடம்பு முடியாத நாட்களில் நானும் பத்து நிமிடம்தான் வைக்கிறேன். அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் இந்த முறையின் உயிர் டைமரில் இல்லை, பக்கத்தில் இருக்கும் தாளில் இருக்கிறது. இதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. காலையில் அன்றைய வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று ஆகும் என்று மதிப்பிட்டுக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு பெருக்கல் குறி. மாலையில் மதிப்பிட்டதும் ஆனதும் பக்கம் பக்கமாகத் தெரியும். ஒரு வேலை ஏழு சுற்றைத் தாண்டும் என்றால் அதைப் பிரித்து எழுத வேண்டும். ஒரு சுற்றுக்கும் குறைவான சின்ன வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றாக்க வேண்டும். சிரில்லோ வகுத்த விதிகளில் எனக்கு அதிகம் பயன்பட்டவை இவை இரண்டும்தான்.

இப்படித் தாள் சேரச் சேர, நம் வேலையின் அளவு நமக்கே தெரிய ஆரம்பிக்கும். மாதம் நாற்பது, ஐம்பது பர்ச்சேஸ் பில் உள்ள யூனிட்டுக்கு 2பி ஒத்துப் பார்க்க எனக்கு இரண்டு சுற்று. சாயம், நூல், அட்டைப் பெட்டி என்று பல இடங்களில் வாங்குகிறவர்களுக்கு ஐந்து வரை போகும். பில்லை வாட்ஸ்அப்பில் மங்கலான போட்டோவாக அனுப்புகிறவர் என்றால் அதற்கு மேல் இன்னொன்று. இப்போது புதிதாக ஒருவர் வந்து "3பி எப்பங்க முடியும்?" என்று கேட்டால், என்னால் ஒரு தேதி சொல்ல முடிகிறது. கட்டணம் பேசும்போதும் இந்தக் கணக்குதான் துணை. முன்பெல்லாம் "பார்த்துக் கொடுங்க" என்பதற்கு மேல் பேச்சு நகராது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது சுற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் நேரத்துக்கு நாமே அளவு வைத்துக்கொள்ளாவிட்டால் மற்றவர்கள் அதை இலவசம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், குறுக்கீடு. நடுவில் நம் மனசே வேறு எதையாவது இழுத்தால் தாளில் ஒரு சின்ன மேற்கோள் குறி. வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் ஒரு கோடு. குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். சில வாரத் தாள்களை வைத்துப் பார்த்தபோது, என் தாளில் கோடுகளைவிட மேற்கோள் குறிகள்தான் அதிகம். கேஸ் புக் செய்ய வேண்டும், மகனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், நேற்று பார்த்த செய்தி என்னவாயிற்று. போனை அடுத்த அறையில் வைத்த பிறகும் இவை வரத்தான் செய்தன. ஆனால் தாளின் அடியில் "கேஸ்" என்று ஒரு வார்த்தை எழுதியதும் மனசு அதை விட்டுவிடுகிறது. ஐந்து நிமிட ஓய்வில் புக் செய்துவிடலாம்.

வெளி அழைப்புகளுக்கு எனக்கு ஒரே வாக்கியம்தான். "அண்ணா, ஒரு வேலையில இருக்கேனுங்க, அரை மணி நேரத்துல நானே கூப்பிடறேன்." சொன்னபடி கூப்பிட்டுவிட வேண்டும், அதுதான் முக்கியம். இரண்டு மூன்று முறை சொல்லைக் காப்பாற்றினால் எதிரில் இருப்பவர் பழகிவிடுகிறார். என் கிளையன்டுகளில் பலர் இப்போது "ஃப்ரீ ஆனதும் கூப்பிடுங்க" என்று மெசேஜ் போட்டுவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

ஒத்துவராத இடங்களும் உண்டு. கடைசித் தேதிகளில் தாக்கல் செய்யும்போது டைமரைத் தொடுவதே இல்லை. கிளையன்டின் போனுக்கு ஓடிபி போகும். அவர் மெஷின் சத்தத்தில் போனை எடுக்க மாட்டார். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். இப்படி இன்னொருவரை நம்பி நிற்கிற வேலையைச் சுற்றுக்குள் அடைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கவனித்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கும் 25 நிமிடம் என்பது பெரிய ஆசை. மாமியார் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த மாதங்களில் நான் 15 நிமிடச் சுற்றாக மாற்றிக்கொண்டேன். எண்ணிக்கையும் தாளும் அப்படியே இருந்தன, வேலையும் நடந்தது. நீண்ட எழுத்து வேலை செய்யும் என் தங்கை இதற்கு நேரெதிர். ஐம்பது நிமிடத்துக்குக் குறைவாக வைத்தால் சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடித்துவிடுகிறது என்பாள். அதுவும் சரிதான்.

ஓய்வு என்றால் ஓய்வுதான். அந்த ஐந்து நிமிடத்தில் போனைத் திறந்தால் அது ஐந்தோடு நிற்பதில்லை, கண்ணும் ஓய்வதில்லை. நான் எழுந்து தண்ணீர் குடிப்பேன், கொடியில் காயும் துணியை எடுப்பேன். நீண்ட ஓய்வில் மொட்டை மாடியில் நடப்பேன். மாதக் கடைசியில் வரும் கழுத்து வலி இதனால் நன்றாகவே குறைந்திருக்கிறது.

டைமர் பற்றிக் கேட்பவர்களுக்கு: போன் செயலிகள் இரண்டு மூன்றை முயன்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நேரம் பார்க்கப் போனைத் தொட்டால் வாட்ஸ்அப்பும் கண்ணில் படும். கையால் திருகும் டைமர் எனக்குப் பிடித்தது. திருகும்போதே வேலை தொடங்கிவிட்ட உணர்வு வரும். என்னுடையது விலை மலிவானது. ஓராண்டுக்குள் 25 நிமிடத்துக்கு முன்பே அடிக்க ஆரம்பித்தது. வாங்குவதானால், குறிக்க வேண்டிய எண்ணைத் தாண்டித் திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். பல டைமர்கள் அப்போதுதான் கடைசியில் ஒழுங்காக மணி அடிக்கின்றன. டிக் டிக் சத்தம் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு என்பதால், விடியற்காலையில் வேலை செய்பவர்கள் சத்தத்தை நிறுத்தி வெளிச்சம் மட்டும் காட்டும் டிஜிட்டல் டைமர் வாங்கலாம். தாளுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களே எனக்கு வருஷம் முழுக்கப் போதுமானதாக இருக்கின்றன.