பிரான்ஸில் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டால் நோட்டீஸில் இருக்கும் பூட்டுக்காரரைக் கூப்பிடாதீர்கள்

1,340 யூரோ. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். லியோனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் ஒரு கதவைத் திறந்துவிட்டதற்காக என்னிடம் பிடுங்கிய தொகை இது. சாவி போட்டுப் பூட்டிய கதவுகூட இல்லை, காற்றில் அடித்துச் சாத்திக்கொண்ட கதவு. உடன்பிறந்தவர்களையோ பிள்ளைகளையோ பார்க்க பிரான்ஸ் வரப்போகிறவர்கள், முக்கியமாக வயதான பெற்றோரை இங்கே வரவழைக்கிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தம்பி இருப்பது லியோனை ஒட்டிய வில்லர்பானில், பழைய அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடி. நானும் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்திருக்கிறோம். வந்ததும் ஃபூர்வியேர் குன்றுக்குப் போய் ரோன், சோன் இரண்டு ஆறுகளையும் மேலிருந்து பார்த்தோம். கியோத்தியேர் பக்கம் போய் கறிவேப்பிலையும் புளியும் வாங்கினோம். கதவு சாத்திக்கொண்ட அன்று நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், ஊரே விடுமுறை. தம்பி நண்பர் வீட்டு விசேஷத்துக்கு பாரிஸ் போயிருந்தான், மறுநாள் காலை ரயிலில் வருவதாகத் திட்டம்.

சாயங்காலம் சாம்பாருக்குத் தாளித்துவிட்டு, புகை போக ஜன்னலைத் திறந்து வைத்தேன். அடுப்பையும் அணைத்தாயிற்று. வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க வெளியே வந்தேன், என்னம்மா என்று அம்மாவும் பின்னாலேயே வந்தார். ஜன்னல் காற்று கதவை அடித்துச் சாத்திவிட்டது. இங்கே வீட்டுக் கதவுகள் பலவற்றுக்கு வெளிப்பக்கம் திருகுகிற பிடி கிடையாது. அசையாத ஒரு குமிழ் மட்டும்தான். ஒரு தடவை சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடியாது. சாவி உள்ளே மாட்டியிருந்தது. கையில் இருந்தது போன் மட்டும், அதன் உறைக்குள் பணம் ஏற்றிய என் பயண கார்டு.

மாடிப்படி விளக்கு சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். மறுபடி மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர், காலில் வீட்டுச் செருப்பு. ராத்திரி போட வேண்டிய பிரஷர் மாத்திரை உள்ளே. அதே மாடியில் இருந்த இரண்டு வீட்டு மணியையும் அடித்தேன், பதில் இல்லை. விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, பதறாதே, கீழே தபால் பெட்டி பக்கத்தில் நம்பர் இருக்கும் பார்" என்றான். ஒரு நோட்டீஸில் இருந்தது. மேலே நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரான்ஸ் கொடிப் பட்டை. "பயனுள்ள எண்கள்" என்று தலைப்பு. ஆம்புலன்ஸ் 15, போலீஸ் 17, தீயணைப்பு 18, அதற்குக் கீழேயே பூட்டு, குழாய், மின்சாரம். பார்ப்பதற்கு அச்சு அசல் நகராட்சி அறிவிப்பு. எங்களை இங்கே வரவழைக்கத் தம்பி நகராட்சி அலுவலகத்தில் 30 யூரோ முத்திரை கட்டி வரவேற்புச் சான்று வாங்கியிருந்தான். இந்த ஊரில் எல்லாமே காகிதப்படி நடக்கும் என்று அதைப் பார்த்து எனக்கு ஒரு மரியாதை. அந்தக் கொடிப் பட்டையும் அப்படித்தான் நம்ப வைத்தது. போலீஸ், தீயணைப்பு எண்களுக்கு நடுவே தங்கள் எண்ணை நுழைத்து அச்சடித்துக் கட்டிடம் கட்டிடமாகப் போடுவது இந்தக் கும்பல்களின் வழக்கமான தந்திரம் என்பது பிறகுதான் தெரிந்தது.

போனில் ஒரு பெண், "89 யூரோவிலிருந்து, மதாம், அரை மணி நேரத்தில் ஆள் வருவார்" என்று சொன்னாள். சொன்னபடி வந்தான். அவன் வந்த விதத்தைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. முப்பது வயது இருக்கும். அம்மா படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தன் பையிலிருந்து மடக்கு முக்காலியை எடுத்து விரித்து, கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தான். அரைகுறை ஆங்கிலத்தில் "எனக்கும் அம்மா இருக்கிறார், பயப்படாதீர்கள்" என்றான். அம்மா அவன் தலையைத் தொட்டு "நல்லா இருப்பா" என்று வாழ்த்தினார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் கொள்ளை அடித்தான்.

ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் கதவிடுக்கில் நுழைத்து ஒரு நிமிடம் அசைத்தான். உதட்டைப் பிதுக்கினான். இது உயர் பாதுகாப்புப் பூட்டு, துளைத்தால்தான் முடியும் என்றான். போனில் இருந்த தம்பி பிரெஞ்சில் எவ்வளவு ஆகும் என்று இரண்டு தடவை கேட்டான். "திறந்த பிறகுதான் தெரியும், எதுவானாலும் வீட்டு இன்ஷூரன்ஸ் திருப்பிக் கொடுத்துவிடும்" என்று பதில். டேப்லெட்டை நீட்டி, வீட்டைத் திறக்க அனுமதி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றான். திரை முழுக்க பிரெஞ்சு. போட்டேன். பிறகு துளை போட்டான், பழைய பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான், புதியதைப் பொருத்தினான்.

கதவு திறந்தது, அம்மா உள்ளே போனார். அவன் வாசலை மறித்து நின்றுகொண்டு, புதுச் சாவிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு கணக்கைக் காட்டினான். திறக்க 260, பூட்டு 690, பொருத்துக் கூலி 190, விடுமுறை நாள் இரவுக் கட்டணம் 200. மொத்தம் 1,340 யூரோ. 89 என்றார்களே என்று கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பணம் தராவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன், விசா எடுத்து வந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத்தான் சிக்கல் என்றான். தம்பி போனில் கத்திக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே நடுங்கிக்கொண்டு நின்றார். கார்டைப் போட்டு பின் நம்பரை அழுத்தினேன். பயணம் முழுவதற்கும் என்று ஏற்றி வந்த பணம் அது. பாரிஸ் போய் லா ஷப்பெல் மாணிக்க விநாயகர் கோயிலில் அம்மாவை அர்ச்சனை செய்ய வைக்க வேண்டும், லியோனில் டிசம்பர் 8 விளக்குத் திருவிழா வரை இருந்து பார்க்க வேண்டும் என்று சேர்த்த பணம். எல்லாம் அந்தச் சின்ன மெஷினில் போய்விட்டது.

மறுநாள் எதிர் வீட்டு அம்மாள் ஊரிலிருந்து திரும்பினார். துளைத்த தூள் கீழே கிடப்பதைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சாவி சுற்றாமல் வெறுமனே சாத்திக்கொண்ட கதவைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை நுழைத்தே திறந்துவிடலாமாம், தெரிந்தவர் கைக்குச் சில நிமிட வேலை. துளைக்க வேண்டிய அவசியமே இல்லை. இரும்புச் சாமான் கடையில் காட்டினோம். புதிதாகப் போட்டிருப்பது நூறு யூரோகூடப் பெறாத சாதாரண உருளைப் பூட்டு என்றார் கடைக்காரர். அதற்கு 690!

அதற்குப் பிறகு நடந்தது அலைக்கழிப்பு. அந்த நோட்டீஸ் நம்பருக்கு அடித்தால் முதலாளி விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை வேறொரு குரல், கையெழுத்திட்ட விலைவிவரம் இருக்கிறது, பேச ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டது. பிறகு எங்கள் எண்ணையே எடுப்பதில்லை. ரசீதில் இருந்த முகவரி, பல கம்பெனிகளுக்குத் தபால் வாங்கி வைக்கும் வாடகை முகவரி. ஊரில் கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிட்டால், பின் நம்பர் நீங்களே போட்டதால் மோசடியாக எடுத்துக்கொள்ள முடியாது மேடம் என்கிறார்கள். பயணக் காப்பீடோ மருத்துவத்துக்குத்தான். காவல் நிலையத்தில் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, இது ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கட்டிட நிர்வாகம், அந்த நோட்டீஸுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி மின்னஞ்சலோடு முடித்துக்கொண்டது.

வயிறு எரிந்தது தம்பியின் வீட்டு இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தபோதுதான். முதலில் எங்களைக் கூப்பிட்டிருந்தால் நாங்களே ஆள் அனுப்பியிருப்போமே, உங்கள் பாலிசியில் அது உண்டு, ஆனால் நீங்களாக அழைத்த ஆளுக்குப் பணம் தர மாட்டோம் என்றார்கள். 24 மணி நேர உதவி எண் அந்தக் காப்பீட்டுக் காகிதத்தின் மேலேயே இருக்கிறது. காகிதம் வீட்டுக்குள், நாங்கள் படியில்.

இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. இப்படி வீட்டுக்கு வந்து பழுது பார்க்கிறவர்கள், வேலையைத் தொடங்கும் முன்பே விவரமான விலையை எழுத்தில் தர வேண்டும் என்று 2017-லேயே விதி போட்டிருக்கிறார்கள். எனக்கு நீட்டிய டேப்லெட்டில் அனுமதி என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினான். பிறகு அனுப்பிய நகலில் அதே கையெழுத்து 1,340 யூரோவுக்குக் கீழே இருக்கிறது! அவசர வேலைக்குப் பதினான்கு நாள் ரத்து உரிமை கிடையாது என்று அவர்கள் வாதிடுகிறார்கள். அந்த விலக்கு அவசரத்துக்குக் கட்டாயம் தேவைப்பட்ட வேலைக்கும் பொருளுக்கும் மட்டும்தான். தேவையே இல்லாமல் மாற்றிய பூட்டு எப்படி அதில் வரும்? சிக்னல்கோன்சோ என்ற அரசின் நுகர்வோர் புகார் தளத்தில் தம்பி புகார் போட்டிருக்கிறான். வாடிக்கையாளர் சம்மதித்தார் என்று அந்தக் கம்பெனி அங்கேயும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது இருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் முடிகிறது. வந்த முதல் நாளே வீட்டு இன்ஷூரன்ஸின் உதவி எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு சாவியை அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளே அடுப்பு எரிகிறது, குழந்தை மாட்டிக்கொண்டது என்றால் யோசிக்காமல் 18 அல்லது பொது அவசர எண் 112. தபால் பெட்டியில் கிடக்கும் கொடி போட்ட நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். துளைக்க வேண்டும் என்று சொன்னால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள், இரவை ஹோட்டலில் கழித்தாலும் 1,340 யூரோ ஆகாது. கழற்றிய பூட்டை விடாதீர்கள், கேட்டு வாங்கி வையுங்கள்.

நாளைக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறோம். பதில் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகும் முன் பேசித் தீர்த்துவைக்கும் சமரசர் இருக்கிறார், அதற்குக் கட்டணம் இல்லை. பழைய பூட்டு கையில் இல்லாமலேயே அப்படிப் போய்ப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் லியோன் பக்கம் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் காட்டினீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.