பாதியில் வீட்டைக் காலி செய்ய: பேசி முடிப்பதா, பதில் ஆள் பிடிப்பதா?

வாடகை வீட்டின் கூரை ஒழுகுகிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் 6 மாதம். ஓனரிடம் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதா, நமக்குப் பதிலாக வேறொருவரைக் குடிவைப்பதா?

செலவு: பேசி முடித்தால் ஓனர் அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளக்கூடும். பதில் ஆள் வந்தால் பிடித்தம் குறையும். ஆனால் அவர் வரும்வரை வாடகை உங்கள் தலையில்தான்.

சிரமம்: பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்த பூஞ்சையைப் பார்த்தபின் யார் குடிவருவார்? நாலு கோட் பெயின்ட் அடித்து மறைத்துத் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பாது.

ஆதாரம்: பேச்சுக்கு இதுதான் பலம். ரிப்பேர் கேட்டு அனுப்பிய மெசேஜ்கள், தேதியோடு எடுத்த படங்கள் கையில் இருந்தால் ஓனர் கொஞ்சம் இறங்கி வருவார். "பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பதில் ஆள் வந்தாலும், உங்கள் ஒப்பந்தம் ரத்தானதா என்று பாருங்கள்.

வீடு நன்றாயிருந்து உங்களுக்குத்தான் அவசரம் என்றால் பதில் ஆள். வீடே பிரச்சினை என்றால் பேச்சுதான்.