ஆய்வேடு, கச்சேரி, சொந்த எழுத்து: எதை எப்போது?

தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு, பத்திரிகைக்குக் கச்சேரி விமர்சனம், இடையில் சொந்தக் கதைகள். இந்த மூன்றோடும் நான்கு வருடங்களாக இருக்கிறேன். இப்படி இருப்பவர்கள் எடுக்கக்கூடிய வழிகள் எனக்குத் தெரிந்து நான்கு. நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வழி, ஒன்றை விட்டுவிடுவது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்தில் உ.வே.சாமிநாதையர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். இசையில் மனம் போனால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று பிள்ளை சொன்னதும் நிறுத்திவிட்டார். ஆனால் காது நிற்கவில்லை. பிற்காலத்தில் சங்கீத வித்துவான்களான கனம் கிருஷ்ணையரைப் பற்றியும், மகாவைத்தியநாதையரைப் பற்றியும், அந்தப் பாரதியாரைப் பற்றியும் எழுதினார். தன் கதையை விகடனில் சொல்லத் தொடங்கியபோது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். இந்த வழியில் ஆய்வு உறுதியாக முடியும். ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்க எல்லோருக்கும் வாய்க்காது. ஏடு நாளைக்கும் இருக்கும், இன்று சாயங்காலக் கச்சேரி நாளைக்கு இருக்காது.

இரண்டாவது, மூன்றையும் தினமும் செய்வது. முதல் இரண்டு வருடம் நான் இப்படித்தான் இருந்தேன். இரவு ஒன்பதே காலுக்கு மங்களம், பதினொன்றுக்குள் முந்நூறு சொல் அனுப்பியாக வேண்டும், மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழுக் கூட்டம். தூக்கம் போனதைக்கூடச் சமாளித்துவிடலாம். நடைதான் கலங்கிப்போனது. ஓர் இயலில் உரையாசிரியரின் விளக்கத்தை ‘உருக்கமானது’ என்று எழுதியிருந்தேன். நெறியாளர் பென்சிலால் வட்டமிட்டு, ‘சான்று?’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். அதே வாரம் விமர்சனத்தில் ‘ஈண்டு நோக்கத்தக்கது’ என்று எழுதி அனுப்ப, உதவி ஆசிரியர் வெட்டினார். இருவர் செய்ததும் சரி. அந்த இரண்டு வருடத்தில் ஒரு கதைகூட முடியவில்லை.

கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் இசை விமர்சனமும் எழுதினார், கதையும் எழுதினாரே என்று சிலர் கேட்பார்கள். அவருக்கு இரண்டையும் படித்தது ஒரே வாசகர். ஆய்வேட்டைப் படிக்கப்போவது தேர்வாளர்கள். அவர்கள் கேட்பது வேறு.

மூன்றாவது வழிதான் மனத்தை அதிகம் இழுப்பது: இசையையே ஆய்வுப் பொருளாக்குவது. பழந்தமிழ் இசையையும் யாழையும் ஆராயும் விபுலானந்தரின் யாழ்நூல் 1947இல் வந்தது. இலக்கியப் படிப்பும் இசையறிவும் ஒரே தலைக்குள் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நானும் சிலப்பதிகார அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டேன். தண்ணுமை என்ற தாளக் கருவியை வாசிக்கும் ஆசிரியனைப் பற்றி இளங்கோ ‘ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமை’ என்கிறார். மற்றக் கருவிகளில் குறை வரும் இடத்தை நிரப்புவான், மிகும் இடத்தை அடக்குவான், இரண்டிலும் அளவு மீறமாட்டான். இதை மாதக்கணக்கில் உரையோடு படித்தேன். அப்புறம் ஒரு மாலை, வயதான பாடகர் ஒருவர் மந்தர ஸ்தாயிக்கு, அதாவது கீழ்ச் சுரங்களுக்கு, இறங்கும்போது குரல் மெலிந்தது. மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், இருந்த இடது கையை முழுவதும் எடுத்துவிட்டார். வலப்பக்கமான வலந்தலையில் ஒரு விரல் மட்டும். பாடகர் மேலே ஏறியதும் இடது கை திரும்பி வந்தது. அந்த வரி எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஆனால் அதற்கு அடுத்த கச்சேரியிலிருந்து நான் பாட்டைக் கேட்கவில்லை, சான்று தேடிக்கொண்டிருந்தேன். பல்லவி நடக்கும்போதே அடிக்குறிப்பு மனத்தில் ஓடியது. ஆய்வுக்கு லாபம்தான். விமர்சகனுக்கும் கதை எழுதுபவனுக்கும் நஷ்டம். சேர்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

நான்காவது, பருவம் பிரித்துக்கொள்வது. ஆடியிலிருந்து கார்த்திகை வரை இயல்கள் மட்டும். மார்கழியில் சபாக்கள். தை, மாசியில் சொந்த எழுத்து. பங்குனிக்குப் பிறகு திருத்தங்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும். இப்போது நான் இருப்பது இதில்தான். தினசரி விமர்சனத்தை விட்டு, சீசன் முடிந்தபின் ஒரே நீண்ட கட்டுரை எழுதுகிறேன். சூடு ஆறிப்போகும், உண்மைதான். ஆனால் முப்பது கச்சேரியில் எது மனத்தில் தங்கியது என்பது அப்போதுதான் தெரிகிறது. குறையும் உண்டு. கதை தை மாதத்துக்காகக் காத்திருக்காது. அதற்காக, என்ன பருவமானாலும் காலையில் அரைமணி நேரம் நோட்டுப் புத்தகத்துக்கு என்று வைத்திருக்கிறேன்.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. வேறு ஊதியம் பெறுவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், பத்திரிகைச் சன்மானம் வாங்கும்முன் பல்கலைக்கழகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகை இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்குப் பருவப் பிரிவு கடினம், மார்கழியில் அலுவலகம் விடுமுறை தராது. அவர்களுக்கு மூன்றாவது வழியே மேல் என்பேன், மாதம் ஒரு கச்சேரியாவது நோட்டும் பேனாவும் இல்லாமல் போய் உட்கார முடிந்தால்.

யுஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிகளின்படி மறுபதிவு இல்லாமல் ஆறு வருடம் வரை ஆய்வைத் தொடரலாம். அதாவது ஆறு மார்கழி. எனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது.