கைக்கு முன் மனதைப் பழக்கும் கோல்ஃப் பயிற்சி

இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சைத் திருத்துவதற்கு முன்பே பயிற்சியாளர் மனதைக் கவனித்ததுதான். ஒவ்வொரு அடிக்கும் ஒரே வரிசை: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்க்க வேண்டும், மூச்சை நிதானமாக வெளியே விட வேண்டும், ஒரு ஒத்திகை வீச்சு, அப்புறம் தயங்காமல் அடி. விதிகள் பரிந்துரைக்கும் 40 விநாடிக்குள் எல்லாம் தாராளமாக அடங்கிவிடும்.

குழியின் விட்டம் வெறும் 108 மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்தில் நின்று பந்தை உருட்டும்போதுதான், அதாவது பட்டிங்கில்தான், கை அதிகம் நடுங்கும். அங்கேதான் இந்தப் பழக்கம் எனக்குப் பெரிதும் உதவியது. முந்தைய குழியில் தவறிப்போன அடி நினைவுக்கே வருவதில்லை.

டிரைவர் எனும் தொலைதூர அடிக்கான மட்டையின் பாடம் மட்டும் சுமார்தான், அவசரமாக முடித்துவிட்டார். பட்டிங்கில் பதறுபவர்கள் நம்பிச் சேரலாம்.